பெருமாளுக்கு டார்வின் சிபாரிசா?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், “மனிதன் கடவுள் படைப்பா, குரங்கிலிருந்து வந்தவனா?” என்று கேட்டாள். “மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரமே பரிணாமம்தான்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரிதானே?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: சரியில்லை. மீனுக்கு அடுத்து, நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்று ஆமையைக் காட்டுவார்கள். ஆமை ஊர்வன; அந்த இடம் தவளை வகையறாவுக்கு உரியது. வாமனரும் பரசுராமரும் வேறு வேறு உயிரினமா என்ன? நாளைக்கு விஞ்ஞானிகள் வரிசையைத் திருத்தினால் அவதாரங்களுக்கும் நம்பர் மாற்றுவீர்களா? பெருமாளைச் சேவிக்க டார்வின் சிபாரிசு வேண்டாம்.

இன்றைய குரங்கிலிருந்தும் நாம் வரவில்லை. ஒரே மூதாதைக்குப் பிறந்த பங்காளிகள். சாட்சிக்கு ஒரு நெல்லிக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு அது தேவையில்லை. வைட்டமின் சியை உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. அந்தத் தயாரிப்பின் கடைசிப் படிக்கான மரபணு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் பழுதாகி. சிம்பன்சியிடமும் அதே மரபணு, அதே மாதிரிப் பழுது. காப்பியடித்த இரண்டு பிள்ளைகளை வாத்தியார் கண்டுபிடிப்பது சரியான விடையை வைத்தா? இரண்டு தாளிலும் உள்ள ஒரே தப்பை வைத்துத்தானே! கினிப் பன்றிக்கும் அந்த மரபணு பழுதுதான். ஆனால் அது தனியாக, வேறு விதமாகக் கெட்டது.

கடவுளை நம்புகிறவர் இதை ஏற்க முடியுமா? உங்கள் பக்கத்துக் கரிகிரியைப் பாருங்கள். கிறித்தவ மிஷன்கள் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை. அப்போதெல்லாம் டாப்சோன் மாத்திரை ஒன்றையே ஆண்டுக்கணக்கில் கொடுத்தார்கள். கோடிக்கணக்கான கிருமிகளில் அதற்கு மசியாத சில தற்செயலாக இருக்கும். மற்றவை சாக, அவை பெருகின. இதுதான் இயற்கைத் தேர்வு. கிருமி எதையும் ‘கற்றுக்கொள்வதில்லை’, இது பலரும் சறுக்கும் இடம். 1981இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ரிஃபாம்பிசினையும் குளோஃபாசிமினையும் கூடவே கொடுக்கச் சொன்னது. ஒரு மருந்துக்குத் தப்பியது இன்னொன்றில் சாகும். இயற்கைத் தேர்வைக் கணக்குப் போட்டு எழுதிய சீட்டு அது. விசுவாசிகள் நடத்தும் மருத்துவமனையும் அதே சீட்டைத்தான் எழுதியது.

எல்லா நம்பிக்கையும் இதோடு ஒத்துப்போகும் என்று பூசி மெழுக மாட்டேன். உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்பவரோடு சமரசம் கிடையாது. வேலூரைச் சுற்றியுள்ள குன்றுப் பாறைகளே சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. உயிர்கள் எப்படி மாறின என்பதற்குத்தான் பரிணாமம் பதில். எதற்காக வாழ்வது என்று அதனிடம் கேட்டால் கையை விரிக்கும். பரிணாமம் இல்லாமல் உயிரியலில் எதுவும் பிடிபடாது என்று 1973இல் எழுதிய மரபியல் விஞ்ஞானி டோப்ஷான்ஸ்கி, ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். பரிணாமம் வெறும் கருதுகோள் அல்ல என்று 1996இல் போப் இரண்டாம் ஜான் பாலும் ஒப்புக்கொண்டார்.

மகளிடம், “அன்றைக்குச் சொன்னது தப்பு” என்று சொல்லிவிடுங்கள். அவள் சந்தேகப்படட்டும், ஆனால் “எதைக் காட்டினால் மனசை மாற்றிக்கொள்வீர்கள்?” என்று பூசாரியிடமும் கேட்கட்டும், விலங்கியல் டீச்சரிடமும் கேட்கட்டும். டீச்சரிடம் பதில் இருக்கும்: சிம்பன்சிக்கும் நமக்கும் அந்த மரபணு வேறு வேறு விதமாகக் கெட்டிருந்தால், பங்காளி உறவே ஆட்டம் கண்டிருக்கும். பரீட்சைத் தாளில் மட்டும் தசாவதாரம் எழுதிவிட வேண்டாம், மார்க் போகும்.