வாசகர் கேள்வி – பதில்: பள்ளிக்கூடத்தில் மெக்சிக்கோவின் இறந்தோர் நாள்

பண்பாட்டு வாரத்தில் எங்கள் தரம் 7 வகுப்புக்கு மெக்சிக்கோ கிடைத்திருக்கிறது. ‘இறந்தோர் நாள்’ செய்யலாம் என்றால், அது ஹாலோவீன்தானே என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். என்னென்ன வேண்டும்?
– ஆசிரியை, வெள்ளவத்தை

ஹாலோவீன் அல்ல. பேய் வேடத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நவம்பர் 1 இறந்துபோன குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. அவர்கள் அன்று வீட்டுக்கு வருகிறார்கள் என்று நம்பி, பிடித்ததைப் படைத்துக் காத்திருப்பார்கள். திவசத்துக்குப் படைத்துப் பழகிய நமக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. 2008இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இது சேர்ந்தது.

முக்கியமானது ‘ஒஃப்ரெண்டா’ எனும் படையல் மேசை. நான்கடி மேசையின் பின்பாதியில் உறுதியான பெட்டிகளை அடுக்கி, முழுவதையும் ஒரே துணியால் மூடினால் இரண்டு படி வந்துவிடும். மேல்படியில் படங்கள். கீழே ஒரு கிளாஸ் தண்ணீர் (தூரம் வந்தவர்களுக்குத் தாகம்), சிறு கிண்ணத்தில் உப்பு, பாண், பழம், அவரவர் விரும்பிச் சாப்பிட்டவை. தாத்தாவுக்குப் பிளேன்டீயும் மாலுபாணும் பிடிக்குமென்றால் அதையே வையுங்கள். மெக்சிக்கோ உணவைத் தேடி அலைய வேண்டாம்.

பூ, நம் மாலைகளில் வரும் செம்மஞ்சள் செவ்வந்திதான் (செண்டுமல்லி, ஆங்கிலத்தில் மேரிகோல்ட்). அதன் தாயகமே மெக்சிக்கோ. அங்கே பெயர் ‘செம்பசூச்சில்’. கொட்டாஞ்சேனை, செட்டியார் தெருப் பக்கப் பூக்கடைகளில் உதிரியாக ஒரு கிலோ வாங்கினால் மேசைக்கும் வாசலிலிருந்து போடும் இதழ்ப் பாதைக்கும் போதும். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வியர்த்துக் கறுத்துவிடும். முந்தின நாள் பின்னேரம் வாங்கி, பத்திரிகைத் தாளில் பரப்பி, இதழைக் காலையில் உதிருங்கள்.

தோரணத்துக்கு டிசு கடதாசி. நான்கைந்து தாள்களை ஒன்றாக மடித்து, மடிப்போரத்தில் அரைவட்டம், முக்கோணம் என்று வெட்டுங்கள். மடிப்போரம் முழுவதையும் வெட்டினால் தாள் இரண்டாகும். மேலே மூன்று சென்ரிமீற்றர் விட்டு, நூலின் மேல் மடித்து, குச்சிப் பசையால் ஒட்டுங்கள். தண்ணிப் பசை கிழிக்கும், சாயத்தையும் இறக்கும். இந்தக் கடதாசிக்குப் பக்கத்தில் சுடர் கூடாது, பற்றரி மெழுகுதிரி போதும். அங்கே கொப்பால் பிசின் புகைப்பார்கள். அதற்கு நெருங்கிய உறவு தேவாலயங்களில் புகையும் குந்துருக்கம், சாம்பிராணியும் பரவாயில்லை. இழுப்பு உள்ள பிள்ளைகள் இருக்கலாம், ஆகவே வகுப்புக்கு வெளியே.

படையல் மேசைக்குச் சீனி மண்டையோடு செய்தோம். அடுத்த நாளே கசிந்து உடைந்துவிட்டது. ஏன்?
– மாணவி, பம்பலப்பிட்டி

நவம்பரில் கொழும்புக் காற்றே ஈரம், சீனி அதை உறிஞ்சும். ஒரு கப் வெள்ளைச் சீனிக்கு ஒரு தேக்கரண்டி மெரிங் தூள் (உலர்ந்த முட்டை வெள்ளைக்கருத் தூள்), ஒரு தேக்கரண்டி தண்ணீர். கையில் பிடித்தால் விரல் தடம் நிற்க வேண்டும். தண்ணீர் கூடினால் அச்சில் ஒட்டும், குறைந்தால் பொலபொலக்கும். அச்சில் இறுக்கி அழுத்தி, உடனே அட்டையில் கவிழ்த்து, ஏசி அறையில் எட்டு மணித்தியாலமாவது காய விடுங்கள். சிவப்புச் சீனி சரிவராது. ஏசி இல்லையென்றால் களிமண்ணில் செய்து வெள்ளை பூசுங்கள். எப்படியும் இது அலங்காரத்துக்கே.

‘இறந்தோர் பாண்’ வீட்டில் சுடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

தாராளமாக. படையல் மேசையில் வைக்கும் இனிப்புப் பாண்தான் அது. கோதுமை மா 500 கிராம், சீனி 100, பட்டர் 100, முட்டை 3, இளஞ்சூட்டுப் பால் 120 மில்லிலீற்றர், ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஒரு தோடம்பழத்தின் துருவிய தோல். பட்டரைக் கடைசியில் சேர்த்து, கையில் ஒட்டாதவரை பிசைந்து, இரு மடங்காகும்வரை மூடி வையுங்கள். ஒரு பிடியை எடுத்து வைத்துவிட்டு மீதியை இரண்டு உருண்டையாக்குங்கள். எடுத்து வைத்ததில் கொஞ்சம் மா கூட்டி, எலும்பு போல உருட்டி, முட்டை தடவிக் குறுக்காக ஒட்டுங்கள். மா கூட்டாவிட்டால் வேகும்போது எலும்பு பரந்து வழுக்கி விழும். இன்னொரு முறை பொங்கவிட்டு 180 பாகையில் 25–30 நிமிடம். சூடு ஆறிய பிறகே பட்டர் தடவிச் சீனி தூவுங்கள், முந்தினால் சீனி உருகும்.

அப்பப்பா காலமாகி மூன்று மாதம்தான். மகளிடம் படம் கேட்டிருக்கிறார்கள். கொடுக்க மனமில்லை.
– தாய், தெகிவளை

கொடுக்க வேண்டாம். எந்தப் பள்ளிக்கூடமும் இதைக் கட்டாயமாக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவதுதான் முறை. பிள்ளைக்கு விருப்பமென்றால் அவர் பயன்படுத்திய ஒரு பொருள், அல்லது அவளே வரைந்த படம். அதுவும் வேண்டாமென்றால் செத்துப்போன வளர்ப்பு நாய், இல்லாவிட்டால் 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தர், 1954இல் மறைந்த ஓவியர் ஃபிரீடா காலோ போன்றவர்கள். படம் கொடுப்பவர்கள் பிரதியையே கொடுங்கள். உயிரோடிருப்பவர் அந்தப் படத்தில் இருந்தால் வெட்டிவிட்டுப் பிரதியெடுங்கள்.

முகத்தில் எலும்புக்கூடு வரையலாமா?
– மாணவன், மட்டக்குளி

தொப்பி போட்ட ‘கத்ரினா’ எலும்புக்கூடு, 1913இல் மறைந்த மெக்சிக்கோ ஓவியர் பொசாதாவின் கேலிச் சித்திரம். 1947இல் ஓவியர் தியேகோ ரிவேரா ஒரு சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடையும் கொடுத்தார். மெக்சிக்கோ நகரின் பெரிய வேட ஊர்வலமோ 2016இல்தான் தொடங்கியது, அதுவும் ஒரு ஜேம்ஸ் பொண்ட் படத்தைப் பார்த்து. ஆகவே வேடம் இல்லாமலும் நாள் நாள்தான். வரைவதானால் முகத்துக்கென்றே விற்கும் தண்ணீர்ச் சாயம் மட்டும். போஸ்டர் பெயின்ற் தோலை அரிக்கும். முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம் பூசிப் பாருங்கள்.