பின்னால் உட்காரப் போவது மாமியார்

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். பேச்சு இல்லை. தட்டுவடை என்றால் உயிர். வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அலமாரி முன்னால் நிறுத்துவான். 'வாயைத் திறந்து கேட்டால்தான் தரணும், படத்தைக் காட்டிப் பழக்கினால் பேச்சே வராது' என்கிறார் மாமியார். டவுசர் போடவும் பழக்க முடியவில்லை. எதிலிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: கையை இழுக்கிறான் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதி. அம்மாவிடம் போனால் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்கத்தான் வழி தெரியவில்லை.

படம் பேச்சைத் தடுக்காது. ஆராய்ந்து பார்த்தவர்கள் பேச்சு குறைந்ததாகக் காணவில்லை. சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடியும் இருக்கிறது. உங்கள் பையனுக்குப் பேச்சு வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் அதுவரை அவன் பசியோடு நிற்க வேண்டுமா?

அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985இல் உருவாக்கிய, படத்தைக் கையில் கொடுத்துக் கேட்கப் பழக்கும் பெக்ஸ் என்ற முறையிலிருந்து முதல் படியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தட்டுவடையைப் போனில் படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்யுங்கள். ஒரு தட்டுவடையை எட்டுத் துண்டாக உடையுங்கள். எட்டு முறை கேட்க வாய்ப்பு. நீங்கள் துண்டோடு எதிரே உட்காருங்கள், படம் நடுவில். பையனுக்குப் பின்னால் மாமியார். அவன் துண்டை எட்டிப் பிடிக்க வரும்போது, அந்தக் கையைப் பின்னாலிருந்து பிடித்து, படத்தை எடுத்து உங்கள் உள்ளங்கையில் வைக்க உதவ வேண்டும். வைத்த அந்த நொடியே 'தட்டுவடை!' என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். 'என்ன வேணும்?' என்று கேட்காதீர்கள். அப்புறம் நீங்கள் கேட்டால்தான் படத்தை எடுப்பான். பின்னால் இருப்பவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. (அதுதான் கஷ்டம், தெரியும்.) அவர் பிடியை நாளுக்கு நாள் தளர்த்திக்கொண்டே வரட்டும். ஆரம்ப நாட்களில் படம் கைக்கு வந்தும் 'தீர்ந்துபோச்சு கண்ணு' என்று சொல்லும்படி ஆகக் கூடாது. கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் படத்தைத் தொட்டால் அது தமிழிலும் பேசும். டேப்லெட் அப்புறம் பார்க்கலாம், முதலில் காகிதம் போதும்.

டவுசரைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஒரு சைஸ் பெரிய எலாஸ்டிக் டவுசர். நீங்களே இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிட்டு, கடைசி நாலு விரல்கடை மட்டும் அவன் இழுக்கட்டும். அது கைவந்ததும் தொடையில் நிறுத்துங்கள், பிறகு முழங்காலில். ஒவ்வொரு முறையும் முடித்தது அவனாகவே இருப்பான்.

ஒன்று விட்டுப்போயிற்று. காது பரிசோதனை செய்தாயிற்றா? கூப்பிட்டால் திரும்பாததை ஆட்டிசம் என்றே எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். இன்னும் பரிசோதிக்கவில்லையென்றால் இந்த வாரமே அரசு மருத்துவமனையில் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.