டெல்லி கனகாம்பரம் விதை ஏன் முளைக்கவில்லை?

கேள்வி: வீட்டுக்கு வடக்கே மாமரத்து நிழலில் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஆன்லைனில் டெல்லி கனகாம்பரம் விதை வாங்கித் தூவினேன். இரண்டு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. நிழல்தான் காரணமா? – வாசகி, திருச்சி

பதில்: நிழல் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள். டெல்லி கனகாம்பரத்துக்கு விதையே கிடையாது.

ஆரஞ்சு, மஞ்சள், சிவப்புக் கனகாம்பரங்கள் விதை பிடிக்கும். டெல்லி மட்டும் பிறவியிலேயே மலடு. கதிர் நிறையப் பூக்கும், பூவும் பெரிதாக, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் இருக்கும், ஆனால் காய் பிடிக்காது. பதியன் குச்சியில்தான் அது பெருகும். ஆகவே 'டெல்லி விதை' என்று யார் விற்றாலும் அந்தப் பொட்டலத்தில் இருப்பது வேறு ஏதோ விதை, அல்லது பதர். விதைச் சட்டம் 1966லேயே வந்துவிட்டது. ஆனால் ரகம், தேதி எதுவும் இல்லாத பொட்டலம் கூரியரில் வீடு வீடாகப் போகிறது, கேட்க நாதியில்லை. புகார் கொடுக்கப் போனால் பில் எங்கே என்பார்கள். முப்பது ரூபாய் விதைக்கு யார் பில் தருகிறார்கள்?

பணத்தை மறந்துவிட்டு, டெல்லி வைத்திருக்கும் வீட்டில் நாலு குச்சி கேளுங்கள். ரொம்ப இளசாகவும் இல்லாமல் முற்றிப் போகாமலும், அரை சாண் நீள நுனிக்குச்சியாக இருக்கட்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மணலில் நடுங்கள். மழைக்காலத்தில் செய்தால் வேர் சுலபமாகப் பிடிக்கும்.

சரி, நிழலுக்கு வருவோம். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் கனகாம்பரத்தின் தாயகம். காட்டில் மரங்களுக்குக் கீழே வளரும் செடி அது. இலைகளின் ஊடே சல்லடை போல விழும் வெயிலோ, காலை வெயிலோ சில மணி நேரம் கிடைத்தால் போதும். நாள் முழுக்க இருட்டாக இருந்தால் இலைதான் கரும்பச்சையாகப் பளபளக்கும், பூ வராது. மாமரத்தின் தாழ்ந்த கிளைகள் இரண்டைக் கழியுங்கள். மரத்தின் வேரோடு போட்டி வேண்டாமென்றால் தொட்டியில் வையுங்கள், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

நாற்றாக வாங்குவதானால் பூவைப் பார்த்து மயங்காமல், பையைக் கொஞ்சம் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வாங்காதீர்கள். மண்ணில் இருந்துகொண்டு வேரைத் தாக்கும் நூற்புழு கனகாம்பரத்தின் பரம எதிரி. அது பெரும்பாலும் நர்சரி மண்ணோடுதான் வீட்டுக்குள் வருகிறது. வேரில் முடிச்சு முடிச்சாகவோ பழுப்புப் புண்ணாகவோ இருந்தால் அந்தச் செடி வளராது, குறுகி மஞ்சளாகி நிற்கும். அதைப் பார்த்து 'சத்துக் குறைவு' என்று டானிக் பாட்டிலைத் தலையில் கட்டுபவர் அடுத்த ஆள். டானிக்குக்கு நூற்புழு சாகாது. நடும்போதே குழியில் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போடுங்கள், பக்கத்தில் துலுக்கச் சாமந்தி வையுங்கள்.

ஒரு கதிரில் கடைசிப் பூவும் உதிர்ந்ததும் கதிரைக் கிள்ளிவிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும். ஆரஞ்சு ரகம் வைத்தால் மட்டும் இரண்டு கதிரை விதைக்கு விடுங்கள். முற்றிய காய் தண்ணீர் பட்டால் படபடவென வெடித்துவிடும், அதனால் மழைக்கு முன்பே பறித்துத் துணிப்பையில் போட்டு வையுங்கள்.