மெய்ப்புப் பார்ப்பவரின் கண் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் திருவல்லிக்கேணியில் வசிக்கிறேன். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் ராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் சேர்ந்தவன். 38 ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்தி வருகிறேன். சென்ற மாதம் நான் மூன்று முறை பார்த்துக் கொடுத்த நூலின் தலைப்பில் ‘நீர்நிலைகள்’ என்பது ‘நீர்நிலைள்’ என்று அச்சாகிவிட்டது. உள்ளே ஓர் ஒற்றுப்பிழைகூட விடாமல் திருத்திய எனக்கு, அவ்வளவு பெரிய எழுத்தில் இருந்த பிழை தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவள் இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. கண் மருத்துவர் பார்வையில் குறையில்லை என்கிறார். சொல்லின் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் சரியாக இருந்தால் போதும், நடுவில் எப்படி மாறியிருந்தாலும் மூளை படித்துவிடும் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வு சொல்வதாக வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை மகன் காட்டினான். அது உண்மையா? உண்மையென்றால் எங்கள் வேலைக்கு என்ன பொருள்? அல்லது என் மனம்தான் தளர்ந்துவிட்டதா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுள்ள வாசகர்)

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பிழையை வைத்து உங்கள் மனம் தளர்ந்துவிட்டதாக முடிவுகட்ட வேண்டியதில்லை. வாசிப்பில் தேர்ந்த மனம் எப்படி வேலை செய்யுமோ அப்படித்தான் அது செய்திருக்கிறது. உங்களை 38 ஆண்டுகள் வேகமாகவும் சரியாகவும் படிக்க வைத்த அதே தேர்ச்சிதான் இந்த ஓரிடத்தில் உங்களுக்கு எதிராக நின்றது.

1886இல் ஜேம்ஸ் மெக்கீன் கட்டெல் என்ற உளவியலாளர், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற உளவியல் அறிஞரின் ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகளை வெளியிட்டார். கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டினால், தொடர்பற்ற எழுத்துகளில் சிலவற்றை மட்டுமே சொல்ல முடிகிறவர்கள், அவை சொல்லாக அமையும்போது பல எழுத்துகளைச் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள் என்று அவர் கண்டார். இதற்கு ஓர் எளிய மறுப்பு உண்டு: பாதியைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்திருக்கலாம் அல்லவா? அந்த மறுப்புக்கு இடமில்லாத சோதனையை 1969இல் ஜெரால்டு ரைக்கர் என்ற உளவியலாளர் அமைத்தார். அவர் பயன்படுத்தியது நான்கெழுத்து ஆங்கிலச் சொற்களை. நான் தமிழில் விளக்குகிறேன். ‘மரம்’ என்ற சொல்லை நொடியில் சிறு பகுதி காட்டி மறைத்துவிட்டு, நடுவில் இருந்தது ‘ர’வா ‘ட’வா என்று கேட்டால், ஊகம் உதவாது, மரமும் சொல், மடமும் சொல். அப்படியிருந்தும், ஓர் எழுத்தைத் தனியாகக் காட்டியபோது அடையாளம் கண்டதைவிடச் சொல்லுக்குள் இருந்தபோது மக்கள் அதைச் சரியாகக் கண்டார்கள். ஓரெழுத்தைப் பார்ப்பதைவிட நான்கெழுத்தில் ஒன்றைப் பார்ப்பது எளிதாக இருக்கிறது என்பதை முதன்முறை படித்தபோது நான் நெடுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

மெக்லெலண்ட், ரூமல்ஹார்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1981இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். கண்ணிலிருந்து வரும் கோடுகளும் வளைவுகளும் எழுத்துகளைத் தூண்டுகின்றன, எழுத்துகள் சொற்களைத் தூண்டுகின்றன. ஆனால் போக்கு அத்தோடு நிற்பதில்லை. பாதி எழுந்த சொல் திரும்பக் கீழிறங்கி, தனக்குரிய எழுத்துகளுக்கு வலுவூட்டுகிறது. உங்கள் தலைப்பை இதன் வழியே பாருங்கள். நூல் எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். ‘நீர்நிலை’ என்ற வடிவம் எழுந்ததுமே ‘கள்’ விகுதியும் உடனெழுந்திருக்கும். அது காகிதத்தில் இல்லாத ககரத்துக்கும் வலுவூட்டியிருக்கும். உங்கள் பேத்திக்கு அந்தச் சொல் இன்னும் முழு வடிவமாக மனத்தில் படியவில்லை. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். அதனால் இருப்பதைப் பார்த்தாள்.

வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். 2003இல் ஆங்கிலத்தில் இது பரவியபோது கேம்பிரிட்ஜில் அப்படி ஓர் ஆய்வு நடந்திருக்கவில்லை. அங்கேயே மூளையையும் மொழியையும் ஆராயும் மேட் டேவிஸ் அதைத் தெளிவுபடுத்தி எழுதினார். நடுவெழுத்து மாற்றம் குறித்து கிரகாம் ராலின்சன் 1976இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்திருந்தார் என்பதுவரை உண்மை. ஆனால் ‘வரிசை முக்கியமல்ல’ என்பது தவறு. வாசிக்கும் கண்ணை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த கீத் ரேனர், தம் சக ஆய்வாளர்களுடன் 2006இல் இதை அளந்தார். நிமிடத்துக்கு 255 சொல் படித்தவர்களின் வேகம், சொல்லின் நடுவெழுத்துகள் இடம் மாறியபோது 227 ஆனது. இறுதியெழுத்துகள் மாறியபோது 189. தொடக்க எழுத்துகள் மாறியபோது 163. படித்துவிட முடிகிறது, ஆனால் ஒவ்வோர் இடமாற்றத்துக்கும் மனம் விலை கொடுக்கிறது. நடுவில் அந்த விலை மிகக் குறைவு. உங்கள் ககரம் தொலைந்ததும் முதலிலோ முடிவிலோ அல்ல.

ரேனர் விரிவாக ஆராய்ந்த இன்னொரு செய்தி உங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. கண் வரியின் மேல் ஊர்ந்து செல்வதில்லை. தாவி, ஏறத்தாழ கால் நொடி நின்று, மீண்டும் தாவுகிறது. ஆங்கிலம் வாசிக்கும் கண் ஒரு நிறுத்தத்தில் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகளிலிருந்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்துகள் வரையிலும் பயன்கொள்கிறது. அவற்றிலும் கூர்மையாகத் தெரிவது சிலவே. பொருளுள்ள சொற்களில் 100க்கு 85இல் கண் நிற்கிறது. இலக்கணத்துக்காக வரும் சிறு சொற்களில் 35இல்தான். வரி முடிவில் ஓர் ‘ஒரு’வும் அடுத்த வரித் தொடக்கத்தில் இன்னோர் ‘ஒரு’வும் அச்சாகி எத்தனை நூல்களில் தப்பியிருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த எண்களெல்லாம் ஆங்கில வாசகர்களுடையவை. தமிழில் எழுத்தை மாற்றுவது என்றாலே எதை மாற்றுவது என்ற கேள்வி வருகிறது. ‘மயிலாப்பூர்’ என்பதை ‘மலாயிப்பூர்’ என்றும் எழுதலாம், உயிர்க்குறிகளை மட்டும் இடம் மாற்றி ‘மயாலிப்பூர்’ என்றும் எழுதலாம். எனக்கு இரண்டாவதில்தான் கண் அதிகம் இடறுகிறது. ‘சைதாப்பேட்டை’யைச் ‘சைப்தாபேட்டை’ என்று எழுதினாலோ ஒரு தமிழரும் அதைக் கவனிக்காமல் கடக்க மாட்டார் என்று நினைக்கிறேன். காரணம் நன்னூலில் இருக்கிறது: க், ச், த், ப் ஆகியவை தமிழ்ச்சொல்லுக்குள் தம்மோடுதான் மயங்கும் (அடுத்தடுத்துச் சேர்ந்து வரும்), பிற மெய்யோடு மயங்கா. சப்தம், சக்தி போன்ற வடசொற்களை விட்டுவிட்டால், பகர ஒற்றை அடுத்துத் தகரம் வருவதைக் கண் எதிர்பார்ப்பதில்லை. இலக்கணம் படித்தவர்தான் இதை அறிவார் என்பதில்லை. மொழியை வாசித்து வாசித்துக் கண் இந்த விதியைத் தானே கற்றுக்கொள்கிறது. பொருளே இல்லாத, ஆனால் மொழியின் ஒலியமைப்புக்குள் அடங்கும் எழுத்துக்கோவைகளுக்கும் ரைக்கர் கண்ட அனுகூலம் ஓரளவு கிடைக்கிறது என்பது பின்வந்த சோதனைகளில் தெரிந்தது. ‘நீர்நிலைள்’ என்பது இந்த விதி எதையும் மீறவில்லை. வாய்க்கு வழுக்கிக்கொண்டு வருகிறது. அதனால்தான் உறுத்தாமல் தப்பியது என்பது என் எண்ணம்.

இதனால் உங்கள் வேலைக்குப் பொருள் இல்லாமல் போகவில்லை. அது எவ்வளவு கடினமானது என்பதுதான் தெரிகிறது. வாசகர் பொருளுக்காகப் படிக்கிறார். நீங்களோ பொருளை மறுத்துவிட்டு வடிவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருவர் மூலப்படியை உரக்கப் படிக்க மற்றவர் காலி புரூஃபை, அதாவது பக்கங்களாகப் பிரிக்குமுன் எடுக்கும் அச்சுப்படியை, திருத்தியதும், அப்படிப் படிக்கும்போது ‘மூன்று சுழி ண’, ‘இரண்டு சுழி ன’, ‘தந்நகரம்’, ‘றன்னகரம்’ என்று சொல்லிச் சொல்லிப் படித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். பேச்சில் ஒன்றாகிவிட்ட எழுத்துகளைப் பிரித்துக் காட்டவும், கண்ணின் தாவலைத் தடுத்து எழுத்துக்கு எழுத்து நிறுத்தவும் அந்த வழக்கம் உதவியது. இன்று பல பதிப்பகங்களில் ஒரே ஆள், ஒரே திரை, ஒரே இரவு என்று வேலை நடக்கிறது. அதில் தப்பும் பிழையை ஒருவரின் கவனக்குறைவாக எண்ணுவது அநியாயம் என்றே கருதுகிறேன்.

அடுத்த நூலுக்குத் தலைப்பு, முதுகு, பின்னட்டை ஆகியவற்றை உள்பக்கங்களோடு சேர்க்காமல் வேறொரு நாளில் தனி வேலையாக எடுத்துக்கொள்ளுங்கள். நீ, ர், நி, லை, க, ள் என்று வாய்விட்டு எழுத்துக்கூட்டுங்கள். முடிந்தால் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி முதல் சொல்லை நோக்கி வாருங்கள், அப்போது வாக்கியம் உங்களை இழுத்துச் செல்லாது. பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போவதற்குள் இன்னும் இரண்டு மூன்று அட்டைகளை அவளிடமும் காட்டிவிடுங்கள்.