ரங்கூன் மல்லி மாடியைத் தாண்டிவிட்டது, வேரோடு எடுத்துவிடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது: வாசல் கேட்டோரம் ஐந்து வருடத்துக்கு முன் வைத்த ரங்கூன் மல்லி இரண்டு மாடி தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டது. பூவெல்லாம் உச்சியில், கீழே வெறும் கட்டை. மாதா மாதம் மாடியில் நின்று வெட்டியும் அடங்கவில்லை. எடுத்துவிடலாமா, வேறு வழி இருக்கிறதா?

எடுக்க வேண்டாம். நீங்கள் வெட்டும் இடம்தான் தவறு. மேலே வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கீழே வெட்ட ஆரம்பியுங்கள். இதை எங்கள் வீட்டுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புயல்.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டை. நான் எட்டாவது படிக்கும்போது, பெரியம்மா வீட்டிலிருந்து வேர்க்கன்று ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து அம்மா வைத்தார். முதல் ஆறேழு மாதம் அது கொடி மாதிரியே இல்லை, குத்துச்செடியாக நின்றது. 'கொடியென்று சொல்லி வேறு எதையோ கொடுத்துவிட்டார்களோ' என்று அம்மாவுக்கே சந்தேகம். அப்புறம் ஒரு மழைக்குப் பிறகு நீள நீளமாகக் கிளை வீசத் தொடங்கியது. சில வருடங்களில் சன்ஷேடைப் பிடித்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி, அங்கே அப்பா போட்ட இரும்புப் பந்தலையும் மூடிவிட்டது. அப்பாவும் உங்களைப் போலத்தான், மாடியில் நின்று அரிவாளால் நுனிகளைத் தட்டிவிடுவார். தட்டிய இடத்தில் பதினைந்து நாளில் மூன்று நான்கு கிளை வரும். அதையும் தட்டுவார். வருடம் போகப் போக மேலே வைக்கோல் போர் மாதிரி ஒரு தலை, கீழே மணிக்கட்டுத் தடிமனில் இலையில்லாத நாலு தண்டு.

2018 நவம்பர் 15 இரவு கஜா புயல் அடித்தது. மறுநாள் விடிந்து பார்த்தால் எங்கள் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. எங்கள் கொடி பந்தலையும் கைப்பிடிச் சுவரில் ஒரு பகுதியையும் இழுத்துக்கொண்டு தெருவில் விழுந்திருந்தது. அவ்வளவு அடர்ந்த தலை காற்றுக்குக் கப்பல் பாய் மாதிரி ஆகிவிட்டது. தெருவில் விழுந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வழிவிட வேண்டுமென்று அதையும் முழங்கால் உயரத்தில் அறுத்துப் போட்டார்கள். அம்மா அழுதுவிட்டார்.

தை பிறந்தபோது அந்த நாலு கட்டையிலும் தளிர். சித்திரையில் பூ. அதுவும் எங்கள் கண் உயரத்தில். அதுவரை பல வருடமாக நாங்கள் பார்த்ததெல்லாம் தரையில் உதிர்ந்து கிடந்த சிவப்புதான். அந்த வருடம்தான் அது சாயங்காலம் வெள்ளையாக விரிவதையும், மறுநாள் இளஞ்சிவப்பாகி, அதற்கடுத்த நாள் அடர் சிவப்பாவதையும் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்தோம். மல்லி என்று பெயரே தவிர, மல்லிகைக் குடும்பத்துக்கும் இதற்கும் உறவில்லை. மருத மரத்தின் குடும்பம் இது. இரவில் வெள்ளையாக இருக்கும்போது நீள நாக்குள்ள அந்துப்பூச்சிகள் அந்தக் குழாய்ப் பூவின் அடியில் இருக்கும் தேனைத் தேடி வரும். பகலில் தேன்சிட்டும் தேனீயும். கொடி கைக்கெட்டும் உயரத்தில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு முதல் காரணம் இந்தக் காட்சிதான்.

சரி, ஏன் அப்படி ஆகிறது என்று பார்ப்போம். ரங்கூன் மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும். பழைய கட்டையில் பூக்காது. மேல் நோக்கி நிற்கும் எந்தக் கிளையிலும் நுனி மொட்டு ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரந்து கீழே அனுப்பும். அது கீழ்க் கணுக்களை உறங்க வைக்கும். நுனியை வெட்டினால் அதற்கு அடுத்திருக்கும் மூன்று நான்கு கணுக்கள் மட்டும் விழிக்கும். நீங்கள் மாடியில் வெட்டினால் தளிரும் மாடியில்தான், பூவும் மாடியில்தான். கீழே வெட்டினால் கீழே தளிர்க்கும். அதே கிளையைப் படுக்கைவாட்டில் வளைத்துக் கட்டினால், நுனியின் அதிகாரம் குறைந்து நீளம் முழுக்கக் கணுக்கள் விழிக்கும். ஒவ்வொரு கணுவிலிருந்தும் ஒரு சிறு கிளை, ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் கைவேலை.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். பொங்கல் முடிந்து தை கடைசியில், மழையும் ஓய்ந்து பூவும் குறைந்திருக்கும் நேரத்தில், பெரிய வெட்டு. அடியிலிருந்து வரும் தண்டுகளில் மிகப் பழையது எதுவோ, மூன்றில் ஒன்று என்ற கணக்கில், அதைத் தரையிலிருந்து ஒரு முழம் விட்டு ரம்பத்தால் அறுத்துவிடுவோம். அறுத்ததை ஒரே இழுப்பில் உருவப் பார்க்காதீர்கள், கூட இருக்கும் நல்ல கிளைகளும் பிய்ந்து வரும். துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். இலை உதிர்ந்த பிறகும் அதன் காம்பின் அடி கொக்கி மாதிரி முள்ளாக நின்றுவிடும். கொடி ஏறுவதே அதைக் கொண்டுதான். அதனால் தடித்த கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். மூன்று வருடத்தில் ஒரு சுற்று முடிந்து, கொடியில் மூன்று வயதைத் தாண்டிய கட்டையே இருக்காது. மிச்சமுள்ள தண்டுகளை ஆறடி உயரத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி படுக்க வைத்துக் கட்டுவோம். சணல் கயிறு போதும். கட்டுக்கம்பியால் இறுக்கினால் தண்டு பருக்கும்போது அறுத்துக்கொள்ளும்.

உங்கள் கொடி இருக்கும் நிலைக்கு இந்த மூன்றில் ஒன்று கணக்கு முதல் வருடம் உதவாது. கீழே பச்சையே இல்லை என்கிறீர்கள். துணிந்து மொத்தத்தையும் இரண்டு மூன்றடியில் அறுத்துவிடுங்கள். ஐந்து வருடக் கொடிக்கு வேர் பலமாக இருக்கும், தாங்கும். வெட்டிய பிறகு சில வாரம் செத்த கட்டை மாதிரிதான் நிற்கும். அந்த நேரத்தில் பயந்துபோய் உரத்தைக் கொட்டாதீர்கள், தண்ணீரையும் தேக்காதீர்கள். இலை இல்லாத செடி அதிகம் குடிக்காது. தளிர்கள் வந்ததும் ஏழெட்டு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, ஆனாலும் கிள்ளுங்கள்.

பந்தலை முதலில் முடிவு செய்துவிட வேண்டும். கொடி எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் அது ஈபி ஒயரையும் மழைநீர்க் குழாயையும் பக்கத்து வீட்டுச் சுவரையும் பிடிக்கும். நாங்கள் இம்முறை ஜிஐ பைப்பில் ஆறடி உயரம் பத்தடி நீளம் சட்டம் அடித்து, சுவரிலிருந்து அரை அடி தள்ளி நட்டோம். அந்த இடைவெளி காற்றுக்கு, கை விட்டு வெட்டுவதற்கு, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு. சட்டத்தைத் தாண்டும் எந்தக் கிளையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெட்டப்படும். ஒயரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கிளையில் மட்டும் நீங்களே கை வைக்காதீர்கள். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, ஆளை வைத்துச் செய்யுங்கள்.

இன்னொன்று, வேர்க்கன்று. கொடியை மேலே கட்டுப்படுத்தினால் அது மண்ணுக்குள் நடந்து நாலடி தள்ளி முளைக்கும். வெட்டினால் மறுபடி வரும். மண் ஈரமாக இருக்கும்போது தோண்டி, தாய் வேரில் ஒட்டியிருக்கும் இடத்தோடு பிய்த்து எடுக்க வேண்டும். கேட்பவர்களுக்கு அதையே கன்றாகக் கொடுத்துவிடலாம், எங்கள் தெருவில் ஆறு வீட்டில் இருப்பது அம்மாவின் கொடிதான்.

உரம் போட்டும் பூ இல்லை, இலைதான் வருகிறது என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். யூரியா போட்டால் அப்படித்தான் ஆகும். தழைச்சத்து அதிகமானால் கொடி இலையிலேயே ஓடும். நாங்கள் தை வெட்டுக்குப் பிறகு ஒரு கூடை மக்கிய எரு, ஆடி மாதம் இரண்டு கைப்பிடி சாம்பல், அவ்வளவுதான் வைக்கிறோம். அதைவிட வெயில் முக்கியம், ஐந்தாறு மணி நேரமாவது நேராக விழ வேண்டும். நிழலில் நிற்கும் கொடி வெயிலைத் தேடி ஏறத்தான் செய்யும். அதை எத்தனை முறை வெட்டினாலும் அடக்க முடியாது.

நீங்கள் எழுதியிருப்பது ஐப்பசி. இப்போது பெரிய வெட்டு வேண்டாம், தை வரை பொறுங்கள். ஆனால் புயல் மாதம் இது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியிருக்கும் அந்தத் தலையை மட்டும் இந்த வாரமே பாதியாகக் குறைத்து, காற்று உள்ளே புகுந்து போகும்படி இடை இடையே கிளைகளை எடுத்துவிடுங்கள். கத்தி வைப்பதற்கு முன் உள்ளே ஒருமுறை பாருங்கள். தேன்சிட்டு கூடு தொங்கினால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டு, குஞ்சு பறந்த பிறகு வெட்டுங்கள்.