அண்ணன் கேசட்டில் கேட்காத பாட்டு

கேள்வி: டர்பனிலிருந்து வீடு திரும்பும் வழியில், காரில் என் மகள் ஓடவிட்ட பாடல்களுக்கு நடுவே அமெரிக்கப் பாடகர் ரோட்ரிக்ஸ் பாடிய 'ஐ வொண்டர்' ஒலித்தது. பள்ளி நாட்களில் அண்ணனின் கேசட்டில் கேட்டு, பிறகு அடியோடு மறந்துபோன பாட்டு அது. அன்றிலிருந்து தினமும் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கிறது. "அம்மாவுக்கு வயதாகிவிட்டது" என்று மகள் கேலி செய்கிறாள். இது வெறும் பழைய நினைவின் மயக்கமா? கேட்டுக் கேட்டு அலுத்துவிடுமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: கேலியில் பாதி உண்மை உண்டு. 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையே நடந்தவையே பிற்காலத்தில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் கேட்ட பாட்டுகளுக்கும் இது பொருந்தும். ஆனால் நினைவு மட்டுமே காரணமென்றால், அந்தக் காலத்தை அறியாத உங்கள் மகள் அதைத் தன் பாடல்களில் ஏன் சேர்த்தாள்?

உண்மையில், நீங்கள் அந்தப் பாட்டை இப்போதுதான் முழுமையாகக் கேட்கிறீர்கள். அது இடம்பெற்ற 'கோல்டு ஃபேக்ட்' இசைத்தட்டு 1970இல் அமெரிக்காவில் வெளியாகி அங்கே விலைபோகாமல் கிடக்க, நம் தென்னாப்பிரிக்காவிலோ தட்டிலிருந்து கேசட்டுக்கும், கேசட்டிலிருந்து இன்னொரு கேசட்டுக்கும் ஏறிக் கைமாறிப் பரவியது. (இறந்துவிட்டார் என்று இங்கே பலரும் நம்பியிருந்த ரோட்ரிக்ஸ், 1998இல் நேரில் வந்து மேடையேறியது தனிக்கதை.) ஒவ்வொரு நகலிலும் இரைச்சல் கூடும், நுணுக்கமான ஒலிகள் மங்கும், கேசட் பெட்டியின் சிறிய ஒலிபெருக்கியில் கீழ் ஸ்வரங்கள் சரியாகக் கேட்கவே கேட்காது. 'ஐ வொண்டர்' தொடங்குவதோ, கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பாஸ் கிட்டாரின் நடையில்! வாசித்தவர், டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்துத் தேர்ந்த பாப் பாபிட். அண்ணனின் கேசட்டில் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல் மங்கலாகக் கேட்டிருக்கக்கூடிய அந்த நடை, காரின் ஒலிபெருக்கியில் நெஞ்சுக்கூட்டிலேயே அதிர்கிறது. சிலிர்ப்பில் அதற்கும் பங்குண்டு என்பேன்.

அலுப்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானதே. கேட்கக் கேட்கப் பிடிப்பு ஏறி, ஓர் எல்லைக்குப் பின் இறங்கும் என்பதை உளவியலாளர் பெர்லைன் 1970களிலேயே விளக்கியிருக்கிறார். எனவே தினமும் கேட்பதை இப்போதே நிறுத்துங்கள். சில வாரங்களுக்கு அதே தட்டிலுள்ள மற்றப் பாட்டுகளைக் கேளுங்கள். 'சுகர் மேன்' பாட்டில் பின்னணியில் சுழலும் விசித்திர ஒலிகளையும் அந்தக் கேசட் உங்களுக்குச் சரியாகத் தந்திருக்காது.