போப்ளே செக்ல எங்க சாப்பிடலாம்? மொதல்ல மணியப் பாருங்க

ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "பார்சிலோனால நாலு நாள், ரூம் பேரலல் மெட்ரோ பக்கம் போப்ளே செக் ஏரியால, வீட்டுக்காரர் எல்லாம் சாப்பிடுவார், நான் சுத்த சைவம், எங்க போறது?"

கடை பேருக்கு முன்னாடி மணியச் சொல்லிடறேங்க. அங்க மதியச் சாப்பாடு ஒன்றரைக்கு மேல, ராத்திரிக்கு ஒம்போது. நம்ம பழக்கத்துல ஏழு மணிக்கே போய் நின்னா பாதி கடைல அடுப்பே பத்த வச்சிருக்க மாட்டாங்க, தொறந்திருக்கறது பெரும்பாலும் போட்டோ மெனு வச்ச டூரிஸ்ட் கடைதான்.

அந்த ஏழு மணிப் பசிக்குத்தான் ப்லாய் தெரு இருக்கு. வண்டி போகாத தெரு, வரிசையா பின்ச்சோ கடைங்க, ரொட்டித் துண்டு மேல ஏதாவது வச்சு குச்சி குத்தியிருப்பாங்க, நீங்களே தட்டுல எடுத்துக்கலாம், கடைசில குச்சிய எண்ணித்தான் பில்லு, அதனால குச்சியத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஆனா இது வடக்கு ஸ்பெயின்ல இருக்கற பாஸ்க் ஊர்ப் பழக்கம், பார்சிலோனா பக்கத்து கத்தலான் சாப்பாடு கிடையாது. கடைக்கு ரெண்டுன்னு ரெண்டு கடை ஏறி எறங்குனா போதும், அதுக்கு மேல போனா வெறும் ரொட்டியாலதான் வயிறு ரொம்பும்.

வயிறார சாப்பிடணும்னா வார நாள் மதியம் மெனு தெல் தியா. ப்லாய விட்டு பக்கத்துத் தெருவுக்குள்ள நடங்க, வாசல்ல போர்டுல எழுதி வச்சிருப்பாங்க, மொத ஐட்டம், ரெண்டாவது, ஸ்வீட் இல்ல காபி, ரொட்டி, குடிக்க ஒண்ணு, எல்லாம் சேர்த்து ஒரே விலை. ரெண்டாவது ஐட்டம் பெரும்பாலும் கறியோ மீனோதான், நீங்க "தோஸ் பிரிமேரோஸ்"னு கேளுங்க, மொத ஐட்டத்துலயே ரெண்டு குடுப்பாங்க. எஸ்கலிவாதா இருந்தா விடாதீங்க, சுட்ட கத்திரிக்கா, குடமிளகா தோலுரிச்சு ஆலிவ் எண்ணெய் ஊத்தினது, மேல நெத்திலி வேண்டாம்னு மட்டும் சொல்லிடுங்க. சாதா சாலட்லயும் டூனா போட்டுடுவாங்க, கீரைல ஹாம் துண்டு இருக்கும், "கறி வேண்டாம்"னா மீனும் வேண்டாம்னு அங்க அர்த்தமில்ல, ரெண்டையும் தனித்தனியா சொல்லணும். குளிர்காலத்துல போறீங்கன்னா கல்சோட், கருக சுட்ட வெங்காயத்தாள் மாதிரி, கையெல்லாம் கரியாகும், பரவால்ல.

உங்க வீட்டுக்காரருக்கு கிமெட் இ கிமெட். 1914லேர்ந்து இருக்கற குட்டிக் கடை, நின்னுட்டேதான் சாப்பிடணும், சுவர் முழுக்க பாட்டில். அங்க டின் மீன்தான் விசேஷம், டின்னான்னு முகம் சுளிக்க வேண்டாம், அந்த ஊர்ல நல்ல டின்னுக்கு மதிப்பே தனி, விலையும் அப்படித்தான். சால்மன், தயிர், தேன் வச்ச ரொட்டிதான் ஃபேமஸ், உங்களுக்கு சீஸ் இருக்கு. சனி ஞாயிறு லீவு, தொறந்த உடனே போயிடுங்க.

ஞாயித்துக்கிழமைக்கு பேரலல் ரோட்ட தாண்டி சான் அந்தோனி பக்கம் பர்லமென்ட் தெரு, பன்னெண்டு மணிக்கு மேல ஊரே அங்க வெர்முட்டும் (மூலிகை போட்ட ஒயின்) ஆலிவுமா உக்காந்திருக்கும்.

தண்ணிக்கு காசு குடுக்கணும்னு இல்ல, 2022 சட்டப்படி குழாத் தண்ணி கேட்டா சும்மா குடுக்கணும். ருசி மட்டும் சுமார்தான்.